எந்தக் குழாய்க்கு முதல் மராமத்து?



மழை வலுத்தால் நம் சந்துகளில் சாக்கடை வீட்டுக்குள் வருகிறது. மும்பையின் தென்பகுதியில் வெள்ளையர் காலத்தில் செங்கல்லால் கட்டிய பாதாளச் சாக்கடைகள் நூறாண்டைத் தாண்டியும் உழைக்கின்றன. சிமெண்டுக் குழாய்களையோ, கழிவிலிருந்து எழும் வாயு அமிலமாக மாறி உள்ளிருந்தே அரித்துவிடுகிறது. அத்தனையையும் ஒரே ஆண்டில் மாற்ற எந்த மாநகராட்சியாலும் முடியாது. இதை நாமும் ஒப்புக்கொள்கிறோம். ஆனால் எது முதலில் என்று முடிவு செய்வது யார்? எந்தக் கணக்கில்?

ரயில்வேயில் எல்லாத் தண்டவாளத்தையும் ஒரே நாளில் மாற்றுவதில்லை. கருவி வைத்துச் சோதித்து, பழுது கண்ட இடத்தில் வண்டிக்குக் காஷன் ஆர்டர் கொடுத்து, ஆபத்து மிகுந்ததை முதலில் மாற்றுகிறோம். சாக்கடைக்கும் அதுவே முறை. குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்த்து இரண்டு கேள்வி கேட்க வேண்டும். இது உடையும் வாய்ப்பு எவ்வளவு? உடைந்தால் கேடு எவ்வளவு? இரண்டையும் பெருக்கி வரிசை போட வேண்டும்.

சூது இருப்பது இரண்டாவது கேள்வியில்தான். கேட்டை ரூபாயில் மட்டும் அளந்தால் மாளிகைத் தெரு முந்தும், தாராவி பிந்தும். குடிதண்ணீர்க் குழாயும் சாக்கடையும் ஒட்டி ஓடும் சந்தில், குழந்தைக்கு வரும் வாந்திபேதிக்கு என்ன விலை போடுவார்கள்? அடிக்கடி அடைக்கும் குழாய்க்குள் இறக்கப்படும் தொழிலாளியின் உயிருக்கு என்ன விலை? பாதுகாப்புக் கருவியின்றி ஆளை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. சாக்கடையில் இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. செத்தபின் வரும் பணம் இருக்கட்டும். ஆள் இறங்கத் தேவையில்லாத குழாய் வேண்டும் நமக்கு.

ஆகவே நம் கோரிக்கை மூன்று. மராமத்து வரிசையை வார்டு அலுவலகத்தில் எல்லோரும் பார்க்க ஒட்ட வேண்டும். ஒரு குழாயை நம்பி எத்தனை பேர் வாழ்கிறார்கள் என்பது முதல் அளவாக வேண்டும். ஆள் இறக்கப்படும் குழாய் பட்டியலின் தலையில் நிற்க வேண்டும்.

நம் பங்கும் உண்டு. புகார் எழுதாத சந்து எந்தப் பட்டியலிலும் ஏறாது. சந்துக்கு ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். சாக்கடை பொங்கிய தேதி, இடம், எத்தனை மணி நேரம் நின்றது, புகார் எண் ஆகியவற்றைக் குறியுங்கள். மராத்தி, உருது, தெலுங்கு பேசும் அண்டை வீட்டாரின் கையெழுத்தையும் வாங்குங்கள். அவர்கள் வீட்டிலும் இதே தண்ணீர்தான் புகுகிறது. அடுத்த மழைக்கு முன் அந்த நோட்டுகளோடு வார்டு அலுவலகம் செல்வோம்!