2 கி.மீ. தாண்டி உயிரைக் குடித்த குண்டு: குறி தப்பினால் எவ்வளவு தூரம் பறக்கும்?

புதுக்கோட்டை:

2021 டிசம்பர் 30-ந்தேதி காலை. நார்த்தாமலையில் தாத்தா வீட்டில் சாப்பிட்டுக் கொண்டிருந்த 11 வயது சிறுவனின் தலையில் துப்பாக்கி குண்டு பாய்ந்தது. அந்த நேரம் பசுமலைப்பட்டி துப்பாக்கி சுடும் தளத்தில் மத்திய தொழில் பாதுகாப்பு படையினர் பயிற்சி எடுத்துக் கொண்டிருந்தனர். தஞ்சை மருத்துவக்கல்லூரி ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்தும் பலன் இல்லை. 2022 ஜனவரி 3-ந்தேதி சிறுவன் பரிதாபமாக இறந்தான்.

தளத்துக்கும் வீட்டுக்கும் இடைவெளி சுமார் 2 கி.மீ. அவ்வளவு தூரம் குண்டு வருமா? தாராளமாக வரும்.

காற்றுதான் பிரேக்

உதாரணத்துக்கு ஏ.கே.47 ரக துப்பாக்கியை எடுத்துக்கலாம். அதன் குண்டு நொடிக்கு சுமார் 715 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. காற்றே இல்லாவிட்டால் 50 கி.மீ. தாண்டி விடும். காற்று தடுப்பதால்தான் அதிகபட்சம் சுமார் 3 கி.மீ.யில் விழுகிறது. குறி பார்த்து சுட முடிவது 300, 400 மீட்டர் வரைதான். ஆனால் குறி முடிந்த இடத்தில் குண்டு நின்று விடாது.

கூர்மை, எடை, சுழற்சி

காற்றை எவ்வளவு சமாளிக்கும் என்பதை குண்டின் வடிவம்தான் முடிவு செய்கிறது. ரைபிள் குண்டின் மூக்கு கூர்மையாக இருக்கும். சில ரகங்களில் வால் பகுதியும் ஒடுங்கி இருக்கும். இதனால் காற்றுத்தடை குறையும். கைத்துப்பாக்கியின் 9 எம்.எம். குண்டு மொட்டை மூக்கு. கிளம்பும் வேகமும் குறைவு என்பதால் சீக்கிரமே ஓய்ந்து விடும்.

அடுத்தது எடை. பஞ்சு உருண்டையையும் கூழாங்கல்லையும் ஒரே வேகத்தில் வீசிப் பார்த்தால் வித்தியாசம் புரியும். பருமனுக்கு எடை கூடிய குண்டு வேகத்தை லேசில் இழக்காது.

மூன்றாவது சுழற்சி. குழலுக்குள் இருக்கும் திருகு வரிகள் குண்டை பம்பரம் மாதிரி சுழற்றி விடுகின்றன. ஏ.கே.47 குண்டு நொடிக்கு சுமார் 3 ஆயிரம் சுற்று சுற்றும். அதனால்தான் குட்டிக்கரணம் போடாமல் மூக்கு முன்னால் இருக்கும்படி பறக்கிறது.

பாறையில் பட்டால்?

பாறையில் பட்டுத் தெறித்தால் குண்டு நசுங்கி உருளும். தூரம் குறையும். ஆனால் எந்த திசையில் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

அதனால்தான் சுடும் தளத்துக்கு பின்னால் உயரமான மண்மேடும், அதையும் தாண்டி ஆள் நடமாட்டம் இல்லாத இடமும் அவசியம். மண் குண்டை விழுங்கிக் கொள்ளும், கல் தெறிக்க விடும்.

சம்பவத்துக்கு பிறகு தளம் தற்காலிகமாக மூடப்பட்டது. குடும்பத்துக்கு ரூ.10 லட்சம் நிதி அறிவிக்கப்பட்டது. ஊருக்கு அருகே எங்கே தளம் இருந்தாலும் அதிகாரிகள் அளக்க வேண்டியது குறி இருக்கும் தூரத்தை அல்ல, குண்டு போகும் தூரத்தை.