ஹைபிரிட் கார் நம்ம ஊருக்குக் கட்டுப்படியாகுமா?

கார் வாங்கப் போகிறேன் என்று சொன்னாலே போதும், "ஹைபிரிட் வாங்குங்க, மைலேஜ் அள்ளும்" என்று நாலு பேர் சொல்லிவிடுவார்கள். 2022-ல் வந்த மாருதி கிராண்ட் விட்டாரா ஸ்ட்ராங் ஹைபிரிட்டுக்குக் கம்பெனி சொன்ன மைலேஜ் லிட்டருக்கு 27.97 கி.மீ. ஆசையாகத்தான் இருக்கிறது. கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

ஹைபிரிட்டின் சூட்சுமம் பிரேக்கில் இருக்கிறது. பிரேக் பிடிக்கும்போது வீணாகிற சக்தியை மின்சாரமாக்கி பேட்டரியில் சேர்த்துக்கொள்ளும். மெதுவாக ஊர்ந்து போகும்போது அதில் மோட்டார் ஓடும். ஆகவே சிக்னலுக்கு சிக்னல் நிற்கிற சென்னையில் லாபம் அதிகம். சாணார்பட்டியில் இருந்து நத்தம் ரோட்டில் திண்டுக்கல் போகிறவர் எத்தனை தடவை பிரேக் பிடிக்கப் போகிறார்?

மாதம் 1000 கி.மீ. ஓட்டம், சாதா பெட்ரோல் கார் 20, ஹைபிரிட் 25 கி.மீ. கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 10 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்றால் வருஷத்துக்கு 12,000 ரூபாய். ஹைபிரிட்டுக்காக 3 லட்சம் கூடுதலாகக் கொடுத்தால் அதை எடுக்க 25 வருஷம் ஆகும்! டொயோட்டா தன் ஹைபிரிட் பேட்டரிக்குத் தரும் வாரண்டியே 8 வருஷம்தான்.

தினமும் நகர நெரிசலில் நிறைய ஓட்டுகிறவர்கள் தாராளமாக வாங்கலாம். சத்தமில்லாத ஓட்டம் பிடித்து வாங்கினாலும் தப்பில்லை. பெட்ரோல் காசு மிச்சம் என்று நம்பி கடனை மட்டும் ஏற்றிக்கொள்ளாதீர்கள். என் ஓட்டு சாதா பெட்ரோல் காருக்கே. உங்கள் மாத ஓட்டம் எவ்வளவு?