சீழ் வடியும் பழைய முறிவு



வெளிக்காயம் மாறிவிட்டது, ஆனால் காலில் ஒரு சிறு துவாரத்தால் சீழ் வடிவது மட்டும் நிற்கவில்லை. வீட்டுத் தரிசிப்புக்குப் போகும்போது இப்படியான பெண்களைச் சந்திக்கிறேன். 2009இல் செல் பட்டவர்களும் இருக்கிறார்கள். மணக்குமென்று கோயில், கலியாணவீடு எல்லாவற்றையும் விட்டுவிட்டார்கள். “இது என்ரை தலையெழுத்து தங்கச்சி” என்றார் ஒரு அக்கா. தலையெழுத்தில்லை அக்கா, உள்ளே செத்துப்போன எலும்பு இருக்கக்கூடும்.

எலும்புக்கும் உயிருண்டு, இரத்தம் வேண்டும். சிதறிய துண்டுக்கு இரத்தோட்டம் நின்றால் அது இறந்துபோகும், கிருமி அதில் குடியேறும். விழுங்கும் குளிசையோ இரத்தத்தோடுதான் போகிறது. இரத்தம் போகாத இடத்துக்கு மருந்தும் போகாது. அதனால்தான் குளிசை போட்டால் சீழ் குறைகிறது, விட்டால் திரும்ப வருகிறது. எண்ணெய்க் கட்டும் அந்தத் துண்டை எடுக்காது. பல வருடம் வடியும் புண் அரிதாகப் புற்றுநோயாகவும் மாறுவதுண்டு.

சத்திரசிகிச்சையில் இறந்த எலும்பை வெட்டி அகற்றுகிறார்கள். எந்தக் கிருமி என்று பரிசோதித்து அதற்கேற்ற மருந்து தருவார்கள். எலும்பில் விழுந்த இடைவெளி சிறிதென்றால் இடுப்பெலும்பிலிருந்து எடுத்து வைக்கலாம். பெரிதென்றால் இலிசரோவ் முறை உண்டு. சைபீரியாவின் குர்கான் நகரில் 1950களில் காவ்ரீல் இலிசரோவ் என்ற வைத்தியர் உருவாக்கியது இது. 1964 ஒலிம்பிக்கில் உயரம் பாய்ந்து தங்கம் வென்ற வலேரி புரூமெல், 1965இல் மோட்டார் சைக்கிள் விபத்தில் கால் முறிந்து, பல சத்திரசிகிச்சைகளுக்குப் பிறகும் மாறாமல் 1968இல் இவரிடம் போனார். பிறகு மறுபடியும் பாய்ந்தார்.

காலைச் சுற்றி உலோக வளையங்கள் பூட்டி, மெல்லிய கம்பிகளால் எலும்போடு பிணைப்பார்கள். நல்ல எலும்பை ஓரிடத்தில் வெட்டி, சில நாள் பொறுத்து, அந்தத் துண்டை நாளுக்கு 1 மில்லிமீற்றர் இடைவெளியை நோக்கி நகர்த்துவார்கள். காலையிலிருந்து இரவுவரை நான்கு தடவை, ஒவ்வொரு தடவையும் கால் மில்லிமீற்றர். அது விட்டுவந்த இடத்தில் புது எலும்பு வளரும். 5 சென்ரிமீற்றருக்கு 50 நாள். வளர்ந்தது முற்றப் பின்னும் பல மாதங்கள் எடுக்கும். சிலருக்கு வளையம் ஒரு வருடமும் இருக்கும்.

திருகாணியைத் திருப்புவதும் கம்பி போன இடங்களைத் துப்புரவாக்குவதும் வீட்டில் நாமேதான். தாதியிடம் பழகிக்கொண்டு போகவேண்டும். ஊன்றுகோலோடு நடக்கச் சொல்வார்கள். சோறு கறி சமைக்கலாம், கிணற்றில் தண்ணீர் அள்ளுவதுதான் கரைச்சல். அதை யார் செய்வதென்று முதலே வீட்டில் பேசுங்கள். வீட்டார் மறிப்பதைவிட, “மகளின்ரை சோதனை முடியட்டும்” என்று நாமே தள்ளிப்போடுவதைத்தான் நான் கூடுதலாகக் காண்கிறேன். வெற்றிலையோடு புகையிலை போடுபவர்கள் அதை நிறுத்தவேண்டும். சீனி வருத்தத்தையும் கட்டுப்பாட்டில் வைத்திருக்கவேண்டும்.

எல்லோருக்கும் இது சரிவராது. சிலருக்குக் காலை எடுத்துச் செயற்கைக்கால் போடுவதே விரைவில் நடக்க வழி. அதைத் தெரிவு செய்வது தோல்வியில்லை. அரச வைத்தியசாலையில் சிகிச்சைக்குக் காசில்லை. என்புமுறிவு கிளினிக்குக்குப் போகும்போது பழைய எக்ஸ்ரே படங்கள், துண்டுகள் எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். எத்தனை மாதம், எத்தனை சத்திரசிகிச்சை என்று நிபுணரிடம் வாய்திறந்து கேளுங்கள். தனியே போகப் பயமென்றால் உங்கள் பிரிவுச் சமூகசேவை உத்தியோகத்தரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.