ஊசி போடும்போது அம்மா எங்கே இருக்க வேண்டும்?

புதன்கிழமை காலை. ஆரம்ப சுகாதார நிலைய வாசலில் தடுப்பூசி அட்டையும் கைக்குழந்தையுமாக அம்மாக்கள் காத்திருப்பார்கள். குழந்தையின் பெயரைக் கூப்பிட்டதும் சில அம்மாக்களுக்குக் கை நடுங்கும். "என்னால பார்க்க முடியாது அத்தை, நீங்களே பிடிச்சுக்கோங்க" என்று மாமியாரிடம் கொடுத்துவிட்டு வெளியே போய் நிற்பார்கள்.

பாசம்தான் காரணம். ஆனால், அந்த நிமிடத்தில் குழந்தை தேடுவது அம்மாவின் மடியைத்தான். ஒன்றரை மாதத்தில் இரண்டு தொடையிலும் கையிலுமாக மூன்று ஊசிகள் போடுகிறார்கள். அந்த வலியைக் குறைக்க வீட்டினரால் முடியும்.

பால் கொடுங்கள்

ஊசி போடும்போதோ, அதற்குச் சற்று முன்போ தாய்ப்பால் கொடுக்கலாம் என 2015-ல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. சொட்டு மருந்து கொடுத்தால் பால் தரக்கூடாது என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி எந்தத் தடையும் இல்லை.

மடியில் வைத்துக்கொள்ளுங்கள்

மேசையில் மல்லாக்கப் போட்டு அமுக்க வேண்டாம். மார்போடு அணைத்து, காலை மட்டும் அசையாமல் பிடித்தால் போதும். தொடை எளிதாகத் தெரியும்படி தளர்வான உடை போடுங்கள். வழக்கமாகப் பேசும் குரலிலேயே பேசிக்கொண்டிருங்கள்.

சொட்டு மருந்து முதலில்

வாய்வழி மருந்தை முதலில் கொடுத்துவிட்டு, ஊசிகளைப் பிறகு போடச் சொல்லி செவிலியரிடம் கேட்கலாம்.

பயமுறுத்தாதீர்கள்

"சாப்பிடலைன்னா டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போட்டுடுவேன்" என்று மிரட்டி வளர்த்த குழந்தை, ஒன்றரை வயது ஊசிக்கு வாசலிலேயே அழும். விவரம் தெரிந்த பிள்ளையிடம் "வலிக்கவே வலிக்காது" என்று பொய்யும் வேண்டாம். "கொஞ்சம் சுருக்குனு இருக்கும், அம்மா பக்கத்துலயே இருக்கேன்" என்றால் போதும்.

வீட்டுக்கு வந்த பிறகு

அரை மணி நேரம் அங்கேயே இருந்துவிட்டுக் கிளம்புங்கள். ஊசி போட்ட இடத்தைத் தேய்க்கவோ, எண்ணெய், மஞ்சள் பூசவோ கூடாது. லேசான காய்ச்சல் சகஜம். பாராசிட்டமாலை ஊசிக்கு முன்பே கொடுக்காமல், காய்ச்சல் வந்தால் மட்டும் செவிலியர் சொன்ன அளவில் கொடுங்கள். மூன்று மணி நேரத்துக்கு மேல் விடாமல் அழுதாலோ, கடும் காய்ச்சலோ வலிப்போ வந்தாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

முதல் ஊசியில் குழந்தை அழுததைத் தாங்க முடியாமல் இரண்டரை மாத ஊசியைத் தள்ளிப்போடும் வீடுகளும் உண்டு. அதுவரை கக்குவான் இருமல், தொண்டை அடைப்பான் போன்றவற்றிலிருந்து குழந்தைக்கு முழுப் பாதுகாப்பு இல்லை. தவணை தவறியிருந்தாலும் முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை. விட்ட இடத்திலிருந்து போடலாம். வருகிற புதன்கிழமை அட்டையோடு கிளம்புங்கள். இந்த முறை அம்மாவும் உள்ளே வரட்டும்!