தொழிலாளி வாயில் முதலாளியின் குரல்!

"மக்கள் தொடர்பு" என்று ஒரு தொழில் இருக்கிறது. பெயரைக் கேட்டால் ஏதோ புண்ணிய காரியம் போலத் தோன்றும். முதலாளியின் கறையை வெளுத்துக் கொடுப்பதுதான் அதன் ஜோலி. இன்டர்நெட் வந்த பிறகு அந்தத் தொழிலே திருந்திவிட்டதாம். முதலாளியும் ஜனங்களும் நேருக்கு நேர் பேசுகிறார்களாம்! பேசிய லட்சணத்தைப் பார்ப்போம்.

1914 ஏப்ரல் 20. அமெரிக்காவில், கொலராடோ மாநிலத்து லட்லோவில், வேலைநிறுத்தம் செய்த சுரங்கத் தொழிலாளரின் கூடாரங்கள் எரிக்கப்பட்டன. ஒரு கூடாரத்தின் அடியில் குழி தோண்டிப் பதுங்கியிருந்த 2 தாய்மார்களும் 11 குழந்தைகளும் மாண்டனர். சுரங்கக் கம்பெனி ராக்பெல்லர் குடும்பத்தின் கையில் இருந்தது. பழி துடைக்க ஐவி லீ என்பவரைக் கூலிக்கு அமர்த்தினார்கள். அடுப்புக் கவிழ்ந்து தீப்பிடித்ததாம்! அப்படியும் கூசாமல் சொன்னார் அந்த மனிதர். பச்சைப் பொய்தான். ஆனாலும் அது முதலாளி தரப்புப் பொய்யாகவே வந்தது.

பிறகு? 2018ல் அமேசான் கம்பெனி தன் கிட்டங்கித் தொழிலாளரிலேயே சிலரைப் பொறுக்கி, ட்விட்டரில் கம்பெனியின் புகழ் பாடும் வேலையைக் கொடுத்தது. "தூதர்" என்று பட்டம் வேறு! நகைச்சுவை உணர்வுள்ளவர்களாகப் பார்த்துப் பொறுக்கவேண்டும் என்று கம்பெனியின் உள்ளேடு சொல்லியது. 2021ல் அது அம்பலமாயிற்று. மூட்டை தூக்கி இடுப்பொடிந்தவன் சிரிக்கவும் வேண்டுமாம்! ஐவி லீ தன் வாயால் பொய் சொன்னார். இவர்களோ நம் வாயையே வாடகைக்கு எடுத்தார்கள்.

ஆனால் கம்பி இரு பக்கமும் பேசும். 2021 மார்ச்சில், அலபாமா மாநிலத்துப் பெஸ்ஸமர் கிட்டங்கியில் சங்கம் வேண்டுமா என்று தொழிலாளர் வாக்களித்துக்கொண்டிருந்தனர். ஒன்றுக்குப் போகக்கூட நேரமில்லாமல் தொழிலாளர் தண்ணீர்ச் சீசாவில் கழிக்கும் கொடுமையை மார்க் போகன் என்ற பாராளுமன்ற அங்கத்தினர் எடுத்துச் சொன்னார். மார்ச் 24ல் கம்பெனி ட்விட்டரில் எகத்தாளமாகக் கேட்டது: சீசாக் கதையை நிஜமாகவே நம்புகிறீர்களா என்று. உடனே சீசாக்களின் படங்கள் கிளம்பின. கம்பெனிக்குள் சுற்றிய கடிதங்களே பத்திரிகையில் வந்தன. ஒன்பதே நாள்! ஏப்ரல் 2ல், டிரைவர்கள் அப்படித்தான் அவதிப்படுகிறார்கள் என்று கம்பெனி ஒப்புக்கொண்டது.

அந்த வாக்கெடுப்பில் சங்கம் தோற்றது; அதை நாம் மறைக்கவில்லை. பொய்யை ஒன்பது நாளில் உடைக்கலாம், சங்கத்தை ஒன்பது நாளில் கட்ட முடியாது.

கம்பெனி மன்னிப்புக் கேட்டதே, யாரிடம் தெரியுமா? அந்த அங்கத்தினரிடம். சீசாவைச் சுமந்த டிரைவரிடம் அல்ல.