பனி இல்லாத ஊர் என்னும் சாக்கு

குளிர்கால ஒலிம்பிக் நடக்கும் பிப்ரவரியில் சென்னையில் மார்கழிக் குளிரின் மிச்சம்கூட இருக்காது. தொலைக்காட்சியில் யாரோ ஒருவர் பனிமலை உச்சியிலிருந்து மணிக்கு நூறு கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் சறுக்கி இறங்கிக்கொண்டிருப்பார். தி. நகரிலோ மயிலாப்பூரிலோ ஏதோ ஒரு வீட்டுக் கூடத்தில் பேச்சு கிளம்பும். "இதெல்லாம் பனி பெய்யுற நாட்டுக்காரங்க விளையாட்டு. நம்ம வெயிலுக்கு ஒத்துவருமா?" என்பார் ஒருவர். கொஞ்சம் விஷயம் தெரிந்தவர், "சிவ கேசவன்னு ஒருத்தர் 1998-ல போனாரே. அதுக்கு முன்னாடி நம்ம நாட்டுலேருந்து யாரும் போனதில்ல" என்பார். இன்னும் கொஞ்சம் படித்தவர், "அறுபதுகள்ல ஒருத்தர் போனார். ஆனா அவர் போலந்துக்காரர், இந்தியரே இல்ல. போனவரும் ஜெயிக்கல" என்று முடித்துவைப்பார்.

இவற்றில் சில தவறு, மற்றவை பாதி உண்மை. ஏதோ வம்புப் பேச்சு என்று விட்டுவிடவும் முடியாது. இதே பேச்சைத்தான் பள்ளி முதல்வர்களும் விளையாட்டு அதிகாரிகளும் நம்புகிறார்கள். சக்கரக் காலணியோடு நிற்கும் சென்னைப் பிள்ளைகள்தான் அதற்கு விலை கொடுக்கிறார்கள்.

முதலில் அந்த 1998. அதற்கு 34 ஆண்டுகளுக்கு முன்பே, 1964-இல் ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக் நகரில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியா கலந்துகொண்டது. மங்கோலியாவும் வட கொரியாவும் முதன்முதலாக வந்த அதே ஆண்டு அது. இந்தியாவின் அணி என்பது ஒரே ஒரு ஆள்: ஜெரமி புஜகோவ்ஸ்கி. அவர் இறங்கியது டவுன்ஹில் என்னும் பனிச்சறுக்குப் பந்தயத்தில். நான்கு ஆண்டுகள் கழித்து, 1968-இல் பிரான்சின் கிரெனோபிள் நகரிலும் அவரே தனி ஆளாக இந்தியாவுக்காக இறங்கினார். பிறகு இருபது ஆண்டுகள் இடைவெளி. 1988-இல் கனடாவின் கால்கரிக்கு மூன்று பேர் போனார்கள்: குல் முஸ்தபா தேவ், கிஷோர் ரத்ன ராய், ஷைலஜா குமார். குளிர்கால ஒலிம்பிக்கில் பங்கேற்ற முதல் இந்தியப் பெண் ஷைலஜாதான். 1992-இல் பிரான்சின் ஆல்பர்வில்லுக்கு லால் சுனியும் நானக் சந்தும் சென்றார்கள். இத்தனை பேருக்கும் பிறகுதான், 1998-இல், 16 வயதில், ஜப்பானின் நகானோவில் லூஜ் வண்டியில் படுத்துக்கொண்டு பனிக்குழாயில் பாய்ந்தார் சிவ கேசவன். 2018 வரை ஆறு குளிர்கால ஒலிம்பிக்குகளில் பங்கேற்ற அவருடைய உழைப்பு பெரிது. அதைப் பாராட்ட அவருக்கு முன்னால் போனவர்களை அழிக்க வேண்டியதில்லை.

கால்கரி என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது ஜமைக்காவின் பாப்ஸ்லெட் அணி. ஹாலிவுட்டில் படமே எடுத்துவிட்டார்கள். வெயில் நாட்டு இளைஞர்கள் பனியில் போட்டியிட்ட கதை என்று நம்மூரிலும் அதைச் சிலாகிக்காதவர் இல்லை. அதே கால்கரியில், அதே நாட்களில், ஒரு இந்தியப் பெண் ஸ்லாலம் பந்தயத்தில் கொடிக்கம்பங்களுக்கு இடையே வளைந்து வளைந்து இறங்கி, பந்தயத்தை முழுதாக முடித்தார். அவர் பெயரைச் சொன்னால் நமக்கு யாரென்று தெரிவதில்லை.

சரி, புஜகோவ்ஸ்கி இந்தியரே இல்லை என்கிறார்களே? அவர் போலந்து வம்சாவளி என்பது உண்மை. ஆனால் ஒலிம்பிக்கில் ஒரு நாட்டுக்காக இறங்க வேண்டுமென்றால் அந்த நாட்டின் குடிமகனாக இருக்க வேண்டும். ரத்தப் பரிசோதனை கிடையாது. ஹாக்கியில் 1948 முதல் 1960 வரை நான்கு ஒலிம்பிக் பதக்கங்களை இந்தியாவுக்காக வென்ற லெஸ்லி கிளாடியஸ் ஆங்கிலோ இந்தியர். அவரை இந்தியரா என்று எவரும் கேட்பதில்லை; கேட்கவும் கூடாது. பதக்கம் வந்தால் நம்மவர், வராவிட்டால் அந்நியர் என்பது என்ன நியாயம்?

ஒரு போலந்துக்காரர் இந்தியாவைத் தன் நாடாக ஏற்றுக்கொண்டது அந்தக் காலத்தில் அதிசயமும் அல்ல. சென்னைக்காரர்கள் இதற்கு வெகுதூரம் தேட வேண்டாம். போலந்துக்காரரான வாண்டா டைனோவ்ஸ்கா 1930-களில் அடையாறு பிரம்மஞான சபையை நாடி வந்தவர். உமா தேவி என்ற பெயரில் கடைசிவரை இந்தியாவிலேயே வாழ்ந்தார். 1944-இல் மாரிஸ் ஃப்ரிட்மன் என்ற இன்னொரு போலந்துக்காரரோடு சேர்ந்து இந்தோ-போலிஷ் நூலகம் என்னும் பதிப்பகத்தைத் தொடங்கி, சென்னையிலிருந்து நூல்களை வெளியிட்டார். போரால் ஊர் இழந்த போலந்துக் குழந்தைகளுக்கு நவாநகர் அரசர் தம் சமஸ்தானத்தில் இடம் கொடுத்ததும் அதே ஆண்டுகளில்தான். அடையாறு ஆலமரத்தடியில் உமா தேவியை நம்மவராக ஏற்றுக்கொண்ட ஊர், இன்ஸ்ப்ரூக்கில் இந்தியாவின் பெயரோடு நின்றவரை அந்நியர் என்று தள்ளுவது பொருந்தவில்லை.

'போனவரும் ஜெயிக்கல' என்பது அடுத்த குறை. ஆமாம், 1964-இல் அவர் பந்தயத்தை முடிக்கவில்லை. ஆனால் எந்தப் பந்தயம் என்று பார்க்க வேண்டும். பாட்ஷர்கோஃபெல் மலையின் அந்தச் சரிவில், போட்டி தொடங்குவதற்குச் சில நாட்கள் முன்பு, பயிற்சியின்போதே ஆஸ்திரேலிய வீரர் ராஸ் மில்ன் விபத்தில் இறந்துபோனார். அதே சரிவில்தான் புஜகோவ்ஸ்கியும் இறங்கினார். நான்கு ஆண்டுகள் கழித்து கிரெனோபிளில், ஜான் குளோட் கில்லி தங்கம் வென்ற டவுன்ஹில்லில், 53-வதாக வந்து பந்தயத்தை முடித்தார். ஷைலஜா குமார் 28-வதாக வந்தார். அதே பந்தயத்தில் கொடியைத் தவறவிட்டோ விழுந்தோ முடிக்காமல் வெளியேறியவர்கள் ஏராளம். 2022-இல் பெய்ஜிங்குக்கு இந்தியாவிலிருந்து போன ஒரே ஆள், குல்மார்க்கைச் சேர்ந்த ஆரிஃப் கான், ஜயண்ட் ஸ்லாலமில் 45-வது. உலகத்தின் மிகச் சிறந்தவர்கள் இறங்கும் மலையில் முழுத்தூரமும் இறங்கி முடிப்பதே தேர்ச்சிதான்.

இனி வெயிலுக்கு வருவோம். எல்லோரும் அடைக்கலம் தேடும் வாதம் இதுதான்.

குளிர்கால விளையாட்டு என்றாலே வானத்திலிருந்து விழும் பனி வேண்டும் என்று நினைப்பது பாதி உண்மை. 1964 இன்ஸ்ப்ரூக்கிலேயே அந்தப் பனி வரவில்லை. ஆல்ப்ஸ் மலை நடுவே, ஒலிம்பிக் நடக்கும் ஊரில், பனி இல்லை! ஆஸ்திரிய ராணுவ வீரர்கள் உயர மலைகளிலிருந்து 20,000 பனிக்கட்டிகளை வெட்டிக் கொண்டுவந்து லூஜ், பாப்ஸ்லெட் பாதைகளை அமைத்தார்கள். சறுக்குச் சரிவுகளுக்கு 40,000 கனமீட்டர் பனியைச் சுமந்து வந்து கொட்டினார்கள். கை கால்களால் அழுத்தி இறுக்கினார்கள்.

மலைச்சரிவில் நடக்கும் பந்தயங்களை விட்டுவிடுவோம். அவற்றுக்கு மலை வேண்டும், குல்மார்க்குக்கும் அவுலிக்கும்தான் போக வேண்டும். ஆனால் ஸ்பீடு ஸ்கேட்டிங், ஷார்ட் ட்ராக், ஃபிகர் ஸ்கேட்டிங், ஐஸ் ஹாக்கி எல்லாம் கூரைக்குள் நடப்பவை. அங்கே தேவைப்படுவது பனி அல்ல, ஐஸ். இயந்திரத்தால் ஐஸ் உறையவைத்த முதல் சறுக்கு அரங்கம் லண்டனில் 1876-இலேயே வந்துவிட்டது. அதன் உத்தி நம் மீனவர்களுக்கும் நன்றாகத் தெரிந்ததுதான். நொச்சிக்குப்பத்தில் மீன் கூடைகளுக்கு இடையே உடைத்துப் போடும் ஐஸ் பார் எங்கிருந்து வருகிறது? ஐஸ் ஃபேக்டரியில் பூஜ்யத்துக்குக் கீழே குளிர்ந்த உப்புநீர்த் தொட்டிக்குள் தகரப் பெட்டிகளை இறக்கி, அதற்குள் இருக்கும் தண்ணீரை உறையவைக்கிறார்கள். சறுக்கு அரங்கில் அதே மாதிரி குளிர்ந்த உப்புநீரைத் தரைக்கு அடியில் குழாய்களில் ஓடவிட்டு, மேலே தண்ணீரை மெல்லிய படலம் படலமாக உறையவைக்கிறார்கள்.

ஐஸ் இந்த ஊருக்குப் புதுசும் இல்லை. கடற்கரைச் சாலையில் இன்று விவேகானந்தர் இல்லமாக நிற்கும் கட்டடம் 1842-இல் ஐஸ் வைப்பதற்காகவே கட்டப்பட்டது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் ஏரிகளில் அறுத்த ஐஸ், மரத்தூள் பொதிந்து, கப்பலில் மாதக்கணக்கில் பயணம் செய்து இங்கே வந்து இறங்கியது. பேருந்து நடத்துனர்கள் இன்றும் 'ஐஸ் ஹவுஸ்' என்றுதான் கூவுகிறார்கள். கப்பலில் ஐஸ் இறக்கிய ஊரில் ஒரு ஐஸ் அரங்கம் நடக்காது என்பதை எப்படி ஒப்புக்கொள்வது?

வெயில் ஊர்கள் இதைச் செய்துகாட்டியும் விட்டன. மணிலாவில் பனி பெய்வதில்லை. அங்கே ஷாப்பிங் மாலில் இருந்த ஐஸ் அரங்கில் சறுக்கக் கற்ற மைக்கேல் கிறிஸ்டியன் மார்ட்டினெஸ் 2014 ஒலிம்பிக் ஃபிகர் ஸ்கேட்டிங்கில் 19-வது இடம் பிடித்தார். சிங்கப்பூர் 2018-இல் ஷார்ட் ட்ராக்குக்கு செயேன் கோவை அனுப்பியது. இவர்களையெல்லாம் விட நமக்குப் பாடமாக வேண்டியது அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் உள்ள ஒகாலா என்னும் ஊர். பனி காணாத ஊர்தான் அதுவும். பிரிட்டனி போ, ஜோயி மான்டியா, எரின் ஜாக்சன் மூவரும் அங்கே சக்கரக் காலணியில் ஓடி வளர்ந்தவர்கள். ஐஸில் ஏறி நான்கே மாதங்களில் 2018 ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றார் எரின். 2022-இல் 500 மீட்டரில் தங்கம் வென்றார்.

சக்கரத்திலிருந்து ஐஸுக்குப் போவது ஏன் இவ்வளவு எளிதாக நடக்கிறது? இரண்டிலும் உடல் செய்வது கிட்டத்தட்ட ஒரே வேலை. இடுப்பை மடக்கி, முதுகைத் தரைக்கு இணையாக வைத்து, காலைப் பின்னால் தள்ளாமல் பக்கவாட்டில் தள்ள வேண்டும். வளைவில் இடப்பக்கம் சாய்ந்து வலக்காலை இடக்காலுக்கு முன்னால் போட்டுப் போட்டுப் போக வேண்டும். இரண்டு பந்தயங்களும் இடப்பக்கமாகவே சுற்றுகின்றன. கீழே நான்கு சக்கரங்களுக்குப் பதில் மெல்லிய கத்தி வந்துவிடுகிறது; கணுக்கால் அதற்குப் பழக வேண்டும். தொடையும் நுரையீரலும் ஏற்கெனவே தயார்.

அப்படித் தயாரானவர்கள் சென்னையில் இருக்கிறார்களா? உலகச் சாம்பியனே இருக்கிறார். 2025 செப்டம்பரில் சீனாவின் பெய்தைஹேயில் நடந்த உலக ஸ்பீடு ஸ்கேட்டிங் போட்டியில் ஆனந்த்குமார் வேல்குமார் சக்கரக் காலணியில் 1,000 மீட்டரில் தங்கம் வென்றார். 500 மீட்டரில் வெண்கலம், 42 கிலோமீட்டர் மாரத்தானில் மீண்டும் தங்கம். 2023 அக்டோபரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் 3,000 மீட்டர் தொடர் ஓட்டத்தில் வெண்கலம் வென்ற ஆண்கள் அணியிலும் அவர் இருந்தார். அதே நாளில் வெண்கலம் வென்ற பெண்கள் அணியில் இருந்தவர்கள் ஆரத்தி கஸ்தூரி ராஜும் கார்த்திகா ஜெகதீஸ்வரனும். 2025 ஜனவரியில் லே நகரில் நடந்த கேலோ இந்தியா குளிர்காலப் போட்டியில், உறைந்த ஐஸில் லடாக் பிள்ளைகளோடு போட்டியிட்டு, தமிழ்நாட்டு ஸ்கேட்டர்கள் தங்கம் கொண்டுவந்தார்கள். ஒத்துவராது என்று சொல்லப்பட்ட வெயிலில் வளர்ந்தவர்கள்தான் இவர்கள்.

உண்மையான தடைகள் வேறு. 2014 சோச்சி ஒலிம்பிக் தொடக்க விழாவில் சிவ கேசவன், ஹிமான்ஷு தாக்கூர், நதீம் இக்பால் மூவரும் மூவர்ணக் கொடி இல்லாமல் நடந்தார்கள். இந்திய ஒலிம்பிக் சங்கம் அப்போது இடைநீக்கத்தில் இருந்தது. பிப்ரவரி 11 அன்று தடை நீங்கியபோது கேசவனின் பந்தயம் முடிந்தே போயிருந்தது. அதற்கு எந்த வெயில் காரணம்? பயிற்சிப் பாதை இல்லாததால் இமாசல மலைச் சாலைகளில் சக்கரம் பூட்டிய லூஜில், எதிரே வரும் லாரிகளுக்கும் ஆட்டு மந்தைகளுக்கும் நடுவே அவர் பயிற்சி எடுத்தார். டேராடூனில் 2011-இல் கட்டிய ஒலிம்பிக் அளவிலான ஐஸ் அரங்கம் பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்து, 2025-இல்தான் மறுபடி திறந்தது.

செலவு பற்றிய கேள்வி மட்டும் நியாயமானது. ஐஸ் அரங்குக்கு மின்கட்டணம் ஆளை விழுங்கும். டேராடூன் முடங்கியதற்கு அதுவும் ஒரு காரணம். சென்னையின் ஈரக்காற்றில் செலவு இன்னும் கூடும். மணிலா இதைத் தீர்த்த வழி, பொதுமக்கள் காசு கொடுத்துச் சறுக்கும் நேரத்தையும் வீரர்கள் பயிற்சி பெறும் நேரத்தையும் ஒரே அரங்கில் பிரித்ததுதான். இங்கும் குடும்பத்தோடு டிக்கெட் வாங்கிச் செயற்கைப் பனியில் விளையாட ஈ.சி.ஆர். பக்கம் மக்கள் போகத்தான் செய்கிறார்கள்.

ஷார்ட் ட்ராக் பந்தயத்துக்கு வேண்டிய ஐஸ் தளம் 60 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் அப்படி ஒன்றைத் தென்சென்னையில் அமைக்க வேண்டும். அதுவரை, தேர்ந்தெடுத்த இருபது சக்கர ஸ்கேட்டர்களை ஒவ்வொரு ஆண்டும் சில மாதங்கள் டேராடூனுக்கு அனுப்பிப் பயிற்சி கொடுக்கட்டும். அதற்குப் புதுக் கட்டடம் எதுவும் வேண்டாம், ரயில் டிக்கெட்டும் விடுதியும் ஒரு பயிற்சியாளரும் போதும். 2030 குளிர்கால ஒலிம்பிக் பிரெஞ்சு ஆல்ப்ஸில் நடக்கவிருக்கிறது.