நின்றுபோன கேமை நடத்த விடுங்கள்

செங்கல்பட்டிலோ திருக்கழுக்குன்றத்திலோ மாமல்லபுரத்திலோ இன்று ஜெராக்ஸ், ஆதார் திருத்தம், தேர்வு விண்ணப்பம் என்று ஓடிக்கொண்டிருக்கும் கடைகளில் பல, இருபது ஆண்டுகளுக்கு முன் பிரவுசிங் சென்டர்கள். பிளைவுட் தடுப்புக்குப் பின்னால், மணிக்கு இவ்வளவு என்று காசு கட்டி, பள்ளி விட்டு வந்த பையன்கள் உட்கார்ந்திருப்பார்கள். சென்னையைச் சேர்ந்த சிஃபி நிறுவனம் ‘ஐவே’ என்ற பெயரில் அத்தகைய மையங்களை ஊர் ஊராகத் திறந்த காலம் அது. தென்கொரியாவின் அனிபார்க் உருவாக்கிய ‘ஏ3’ என்ற ஆன்லைன் கேமை இந்தியாவில் நடத்தியதும் அதே சிஃபிதான். வில்லாளியாகவோ மந்திரவாதியாகவோ உள்ளே நுழைந்து, முகம் தெரியாத ஊர்க்காரனோடு சேர்ந்து சண்டை போட்டு லெவல் ஏற்றிய ஒரு தலைமுறை இங்கே உண்டு.

சில ஆண்டுகளில் அந்தச் சேவை நின்றது. ஆடியவர்கள் நிற்கவில்லை. வெவ்வேறு பெயர்களில் தாங்களே சர்வர் அமைத்து, கேமுக்குள் இருந்த அதே நகரங்களில் பழைய நண்பர்களை மறுபடியும் சேர்த்தார்கள். ஆனால் சட்டத்தின் கண்ணில் அவர்கள் செய்வது இன்னும் சந்தேகத்துக்குரிய காரியம்தான். இந்த நிலை மாற வேண்டும். நிறுவனம் கைவிட்ட ஆன்லைன் கேமை, லாப நோக்கமின்றி ஆடியவர்களே நடத்திக்கொள்ளும் உரிமையைச் சட்டம் வெளிப்படையாகத் தர வேண்டும்.

ஆடுபுலி ஆட்டத்துக்கு இந்தச் சிக்கல் வந்ததே இல்லை. கோயில் மண்டபத் தரையில் கட்டம் இருக்கிறது, விதி ஆடுகிறவன் தலையில் இருக்கிறது. யாரும் அதைப் பூட்ட முடியாது. ஆன்லைன் கேமில் நம் கம்ப்யூட்டரில் இருப்பது பாதிதான். எந்த மிருகம் எங்கே நிற்கும், ஓர் அடியில் எவ்வளவு உயிர் குறையும், போன வாரம் நாம் சேர்த்த பொருள் எங்கே என்பதெல்லாம் நிறுவனத்தின் சர்வரில். அதை அணைத்துவிட்டால் நம்மிடம் இருக்கும் பாதி எதற்கும் உதவாது.

அந்த மறு பாதியை ஆட்டக்காரர்கள் எப்படி மீட்கிறார்கள் என்பதைப் பார்த்தால் மரியாதை கூடுகிறது. கேம் உயிரோடு இருக்கும்போதே, கம்ப்யூட்டருக்கும் சர்வருக்கும் இடையே ஓடும் தகவல்களைப் பதிவு செய்து வைக்கிறார்கள். வாளை உருவினால் எந்த எண் போகிறது, பதிலுக்கு எந்த எண் வருகிறது என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் படிக்கிறார்கள். பிறகு அதே பதிலைச் சொல்லும் புதிய சர்வர் ஒன்றைத் தாங்களே எழுதுகிறார்கள். வேலை முடிந்து வீடு திரும்பிய பிறகு, சம்பளமின்றி, பல ஆண்டுகள் செய்யும் உழைப்பு அது.

அமெரிக்காவில் ‘சிட்டி ஆஃப் ஹீரோஸ்’ கேமை என்சிசாஃப்ட் நிறுவனம் 2012 நவம்பர் 30 அன்று மூடியது. ரசிகர்கள் சிலர் ரகசியமாக நடத்திவந்த சர்வர் 2019இல் வெளியே தெரிந்தது. நிறுவனம் அவர்களைச் சிறைக்கு அனுப்பவில்லை. 2024 ஜனவரியில் ‘ஹோம்கமிங்’ என்ற ரசிகர் குழுவுக்கு முறையான உரிமமே தந்தது. நன்கொடையில் அது இன்றும் நடக்கிறது. நிறுவனத்துக்கு இதில் என்ன குறைந்துவிட்டது?

எல்லோரும் அப்படி இல்லை. யூபிசாஃப்ட் 2014இல் வெளியிட்ட ‘தி க்ரூ’ கார் பந்தய கேமை 2024 மார்ச் 31 அன்று அணைத்தது. காசு கொடுத்து வாங்கியவர்கள் தனியாகக்கூட ஓட்ட முடியாமல் போனது. அந்தக் கோபத்தில் பிறந்த இயக்கத்துக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். 2025 செப்டம்பரில் ரசிகர்கள் தாங்களே எழுதிய சர்வரில் அந்தக் கார்கள் மறுபடி ஓடின.

நம் சட்டத்துக்கு வருவோம். 1957ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, ஒரு மென்பொருளை முறையாக வைத்திருப்பவர், தானே எழுதிய வேறொரு மென்பொருள் அதனோடு சேர்ந்து இயங்கத் தேவையான தகவலைக் கண்டறிய அனுமதிக்கிறது. நல்ல வாசல்தான். ஆனால் 2012 திருத்தத்தில் வந்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு மின்னணுப் பூட்டை உடைத்தால் இரண்டு ஆண்டு வரை சிறை என்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிற இளைஞனுக்கு எது பொருந்தும் என்று யார் சொல்வது? பாதுகாப்புக்காக மின்னணுப் பிரதி எடுக்க நூலகங்களுக்குத் தந்த சலுகையோ, அந்தப் படைப்பின் மின்னணு அல்லாத பிரதி ஏற்கெனவே நூலகத்தில் இருந்தால்தான் செல்லும். ஆன்லைன் கேமுக்கு அப்படியொரு பிரதி எங்கே இருக்கும்? காப்புரிமை தானாக முடியட்டும் என்று காத்திருக்கவும் முடியாது. எழுதியவர் மறைந்து 60 ஆண்டு ஆகும் வரை எந்த ஹார்டு டிஸ்க் தாங்கும்?

நிறுவனங்களின் அச்சங்களில் நியாயமானவையும் உண்டு. ரசிகர் சர்வர் என்ற பெயரில் வாளும் கவசமும் விற்றுக் காசு பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். திருடப்பட்ட நிரலை வைத்து நடத்துபவர்களும், ஆடுபவரின் கடவுச்சொல்லைக் கவர்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்காக நாம் வாதாடவில்லை. கேமை நிறுவனமே மறுபடி தொடங்கினால் ரசிகர்கள் ஒதுங்கிக்கொள்ளட்டும். நானும் நடத்தமாட்டேன், பிறரையும் விடமாட்டேன் என்பதைத்தான் ஏற்க முடியாது.

ஆன்லைன் கேம் என்றாலே சூதாட்டம் என்ற அளவில் நம் ஊரில் பேச்சு முடிந்துவிடுகிறது. பணம் கட்டி ஆடும் கேம்களால் குடும்பங்கள் அழிந்ததைப் பார்த்தவர்கள் நாம். 2025இல் மத்திய அரசு அவற்றைத் தடைசெய்தது சரியே. அதே சட்டம் இ-ஸ்போர்ட்ஸையும் பொழுதுபோக்கு கேம்களையும் ஊக்குவிக்கப்போவதாகச் சொல்கிறது. ஊக்குவிக்கிற அரசு, அவை மூடப்படும் நாளையும் யோசிக்க வேண்டும்.

சேவையை நிறுத்தும் நிறுவனம் குறைந்தது ஆறு மாதம் முன்னதாக அறிவிக்க வேண்டும். தனியாக ஆடும் வசதியையோ, சர்வர் நடத்தத் தேவையான தகவலையோ தந்துவிட்டுப் போக வேண்டும். இரண்டையும் தராத இடத்தில், லாபமின்றி நடத்தும் ரசிகர்கள்மேல் வழக்கு பாயாது என்று 52ஆவது பிரிவில் ஒரு வரி சேர்க்க நாடாளுமன்றம் முன்வர வேண்டும். தமிழ் நூல்களை மின்னாக்கம் செய்துவரும் தமிழ் இணையக் கல்விக்கழகம், தமிழ்நாட்டில் உருவான, நடத்தப்பட்ட கேம்களைச் சேகரிக்கவும் அரசு இப்போதே நிதி ஒதுக்கட்டும். ஏ3 ஆடியவர்கள் தங்கள் பழைய கோப்புகளையும் ஸ்கிரீன்ஷாட்களையும் இன்னும் வைத்திருக்கும்போதே அந்த வேலை தொடங்கியாக வேண்டும்.